தொண்ணூறு மில்லிசெகண்டு

மார்ச் 6, வியாழன்

இவர் இன்று அலுவலகத்திலிருந்து ஆளுயர அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். லிஃப்டில் நுழையவில்லையாம். நாலு மாடி தூக்கிக்கொண்டே ஏறியிருக்கிறார். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

உள்ளே இரண்டு பிளாஸ்டிக் கிட்டார், ஒரு பிளாஸ்டிக் டிரம், ஒரு மைக், டிவியோடு இணைக்க ஒரு பழைய கேம் பெட்டி. கிட்டாரில் தந்தி கிடையாது. கழுத்தில் கலர் கலராக ஐந்து பொத்தான், நடுவில் தட்டுவதற்கு ஒரு கட்டை. டிரம்மில் நாலு வட்டம், கீழே காலுக்கு ஒரு பெடல். டிவியில் கலர்ப் பொட்டுகள் உருண்டு வரும், அது கோட்டைத் தொடும் நேரத்தில் தட்டினால் பாட்டு ஓடும், தவறவிட்டால் நொண்டும். வாசிக்கத் தெரியாதவர்கள் வாசிப்பதாக நினைத்துக்கொள்ள ஒரு சாமான், அவ்வளவுதான்.

அலுவலகத்தில் யாரோ பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று சும்மா கொடுத்தார்களாம். சும்மாதான் கொடுப்பார்கள். பொத்தானெல்லாம் பிசுபிசு. கட்டையின் இடுக்கில் பிஸ்கட் தூள், அதற்குள் ஒரு நகத்துண்டு. நகம்! யாருடையதோ! கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

"இது எதுக்கு இப்போ?" என்றேன்.

"தம்பிக்குப் பொழுது போகணும்ல."

தம்பி என்றால் என் கொழுந்தன். கல்யாணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாமென்று இருபது வருஷமாகக் கிரேனுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்த மனிதர். போன மாதம் அவர் இறக்கிய கம்பிக்கட்டு ஒன்று ஆடிப்போய்ச் சாரத்தில் இடித்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனாலும் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்காமல் மேலே ஏற்றமாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. சோதனை மாதக் கடைசியில். அதுவரை கம்பெனி அறையும் கிடையாது. எங்கள் ஹாலில் பாய் போட்டிருக்கிறார்.

அது பரவாயில்லை. மனிதர் தட்டுக் கழுவி வைப்பார், சத்தமில்லாமல் நடப்பார். இப்போது அவர் கையில் டிரம்மைக் கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 8, சனி

காலையிலிருந்து ஹால் ஹாலாக இல்லை. சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டார்கள். நடுவில் கொழுந்தன், முழங்கால் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி ஒரு முக்காலியில். மகள் ஒரு கிட்டாரை மாட்டிக்கொண்டாள். பதினாறு வயது, நாளைக்குப் பரீட்சை என்றால் தலைவலி வருகிறவள், இதற்கு ஆறு மணிக்கே எழுந்திருக்கிறாள். இவர் மைக். பாட வேண்டாம், சுதி ஏறி இறங்குவதை மட்டும்தான் கேம் பார்க்குமாம். அதனால் வார்த்தையைத் தூக்கிப் போட்டுவிட்டு "லா... லா..." என்று இழுக்கிறார். ஐம்பத்திரண்டு வயசு. மைக்கில் எச்சில் தெறிக்கிறது. அதை அடுத்த ஆள் வாங்கி வாயருகில் வைத்துக்கொள்கிறார். ச்சே.

முதலில் "நேரம் சரிபார்க்கும்" வேலை நடந்தது. டிவியில் படம் ஒரு துளி தாமதமாக வருமாம், அதற்குத் தக்கபடி ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக ஒரு எண் வைக்க வேண்டுமாம். டிரம்முக்கு நாற்பது மில்லிசெகண்டு வந்தது.

"அம்மா, உன் பெடல் மாதிரிதான் இதுவும்" என்றாள் மகள்.

என் பெடலை இதோடு ஒப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. நான் வேலைக்கு வைத்திருப்பது அது. டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதைக் காதில் மாட்டிக் கேட்டு அடிப்பது என் பிழைப்பு. காலை வைத்தால் குரல் ஓடும், எடுத்தால் இரண்டு நொடி பின்னால் போய் நிற்கும். எவ்வளவு பின்னால் என்பதை நானே எண் போட்டு வைத்திருக்கிறேன். அதனால் அவள் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

குழுவுக்குப் பெயர் வேண்டுமென்று கேட்டதாம் கேம். "ரெண்டேமுக்கால்" என்று வைத்திருக்கிறாள். ஏனடி என்றேன். "அப்பாவ முக்கால்னுதான் கணக்குல எடுக்க முடியும்" என்றாள். கொழுந்தன் சிரித்தார். வந்ததிலிருந்து அவர் பல் தெரியச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். இவருக்கு ரோஷம்கூட வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆறு மணி நேரம். நடுவில் சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்தினார்கள், அதுவும் கை கழுவாமல்.

மார்ச் 13, வியாழன்

பகலெல்லாம் வீட்டில் நானும் கொழுந்தனும்தான். எனக்கு உள் அறை, அவருக்கு ஹால். நடுவில் ஒரு கதவு, அதுவும் ஒட்டுப்பலகை. டிவி சத்தத்தை எனக்காகக் குறைத்துவிடுகிறார், ஆனால் குச்சி பிளாஸ்டிக்கில் படும் சத்தத்தை எப்படிக் குறைப்பது? டப டப டப டப். பாட்டே இல்லாமல் வெறும் டப டப. கால் பெடல் தரை வழியாக வந்து என் நாற்காலிக்காலில் ஏறுகிறது.

காதுக்குள் எலும்பு டாக்டர். அவர் ஏதாவது மென்றுகொண்டேதான் பேசுவார். ஒரு காதில் மெல்லுகிற சத்தம், அடியில் டப டப.

பாட்டு முடிந்ததும் திரையில் சதவீதம் வரும். அவர் அதைப் பார்த்துவிட்டுக் காலண்டரில் தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதுகிறார். 71, 78, 83. முட்டைக்கும் பாலுக்கும் நான் கணக்குக் குறித்து வைக்கிற காலண்டர் அது.

சாயங்காலம் மகள் வந்து, "அம்மா, பேஸ் கிட்டாருக்கு ஆள் இல்ல. ஈஸியில வெச்சா ரெண்டே பொத்தான்தான். வாம்மா" என்றாள்.

"மனுஷங்க தொடுற பொருளாடி அது?" என்றேன்.

கொழுந்தன் அதன் பிறகு ஈரத்துணியால் கிட்டார் இரண்டையும் துடைத்து வைத்தார். குச்சியின் பின்பக்கத்தால் இடுக்கையெல்லாம் நோண்டிச் சுத்தம் செய்தார். நான் பார்க்கவேண்டும் என்று செய்கிறாரோ என்று எரிச்சலாக வந்தது.

மார்ச் 17, திங்கள்

என் பதினோரு வருஷத்தில் நடக்காதது இன்று நடந்தது. நான் அடித்த ஒரு ஃபைல் திரும்பி வந்தது. அறுவை சிகிச்சை இடது முழங்காலில். நான் வலது என்று அடித்திருக்கிறேன். டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார், திரும்பப் போட்டுக் கேட்டேன். இடது. இடது. இடது. "இனி இப்படி வந்தால் உங்கள் ஃபைல்களை வேறொருவர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்" என்று மேற்பார்வைக்காரி எழுதியிருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் பழக்கிவிட்டவள்.

கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு வந்தேன். முகம் எப்படி இருந்ததோ, அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"அண்ணி, தொந்தரவா இருக்கா? நிறுத்திடவா?"

கேட்டார். இதைவிடத் தெளிவாக யாரும் கேட்க முடியாது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன்?

"ஐயோ, எனக்கென்ன தம்பி. நீங்க அடிங்க. நான் யாரு சொல்றதுக்கு."

"இல்லண்ணி, டெஸ்ட் வரைக்கும்தான். இது கையும் கண்ணும் சேந்து போகுதான்னு எனக்கே தெரியுது. நேத்து தொண்ணூத்தி நாலு. பயம் கொஞ்சம் விட்டுருக்கு."

"அடிங்க, அடிங்க" என்றேன். தண்ணீர் எடுக்க வந்தது போலத் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போனேன்.

அவர் டிரம் மேல் துண்டு போட்டு அடித்தார். துண்டு போட்டால் டப டப என்பது தொப் தொப் என்று ஆகிறது. ஈரத்துணியைத் துவைக்கிற மாதிரி. அது இன்னும் கேவலமாக இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

செய்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் கொழுந்தன் நடக்கப் போனார். மகள் பள்ளியில், இவர் அலுவலகத்தில். டிவியைப் போட்டேன். அந்த எண் இருக்கிற இடத்துக்குக் கிட்டாரைத் தொடாமல் போக வழியில்லை. கட்டையை மேலே கீழே தட்டினால் பட்டியல் நகரும், பச்சைப் பொத்தான் சரி, சிவப்பு வேண்டாம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தெரிகிறது. பத்து நாளாகக் கதவிடுக்கில் பார்த்தபடிதானே இருக்கிறேன்.

டிரம்மில் மட்டும் நாற்பதை நூற்றுமுப்பதாக்கினேன். தொண்ணூறு மில்லிசெகண்டு. முழுசாகக் கெடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். இது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் பிடிபடாது, ஆனால் அடித்த அடி விழாது. நாலு நாளில் அலுத்துப்போய் அவராகவே மூட்டை கட்டுவார். யாரும் யாரையும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு கை கழுவினேன்.

மார்ச் 20, வியாழன்

94-லிருந்து 61. சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடினேன்.

"சித்தப்பா, தூங்கிட்டே அடிக்கிறீங்களா?" என்கிறாள் மகள். அவளுடைய கிட்டார் சரியாக ஓடுகிறது. இவருடைய லா லாகூடத் தேறிவிடுகிறது. டிரம் மட்டும் நொண்டுகிறது. திரையில் கூட்டம் "ஊ" என்று கத்தி அவரை மேடையிலிருந்து இறக்கிவிட்டது. மூன்று தடவை.

"இன்னைக்கு என்னமோ கை சரியில்ல" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

எனக்கு வேண்டும். நன்றாக வேண்டும்.

அலுத்துப்போவார் என்று பார்த்தால் மனிதர் இரண்டு மடங்கு அடிக்கிறார். குச்சி மாற்றினார், பேட்டரி மாற்றினார், முக்காலிக்குப் பதில் என் சாப்பாட்டு நாற்காலி. மூக்குக்கண்ணாடியை ஊதி ஊதித் துடைக்கிறார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறார். ஒரே பாட்டு, ஒரே இடம், நாற்பது தடவை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹால் முழுக்க வேர்வை நாற்றம்.

காலண்டரில் 58. 55. 57. பென்சிலை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்திருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

நிசப்தம்.

காலையிலிருந்து ஒரு தட்டு இல்லை. ஒன்பது ஃபைல் முடித்தேன், ஒரு தப்பு இல்லை. எலும்பு டாக்டர் மெல்லுவதுகூட இன்று அவ்வளவாக உறுத்தவில்லை. சாயங்காலம் எனக்கென்று ஒரு டீ போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கொழுந்தன் அங்கே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரலை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தபடி. என்னைக் கண்டதும் மடக்கிக்கொண்டார்.

"டீ வேணுமா தம்பி?" என்றேன்.

"வேண்டாம் அண்ணி."

எனக்கென்ன. நான் கேட்டுவிட்டேன்.

மார்ச் 26, புதன்

இன்றும் அமைதி. பதினொரு ஃபைல்.

மார்ச் 27, வியாழன்

எப்படி எழுதுவது.

சாப்பிடும்போது சொன்னார். ஏதோ பஸ் தாமதம் என்பது போல. நேற்றுக் காலையே கம்பெனிக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டாராம். சோதனைக்கு வரவில்லை, கிரேன் வேண்டாம், கீழே நின்று கொடி காட்டுகிற வேலை கொடுத்தால் போதும் என்று. முதலாம் தேதியிலிருந்து அது அமலாகிவிடுமாம். அப்புறம் மாற்ற முடியாது.

இவர் கையில் எடுத்ததைத் தட்டில் போட்டுவிட்டார். "ஏன்டா? எதுக்குடா? நல்லாத்தானே இருந்த?"

"நல்லா இல்லண்ணே. நான் அடிச்சதா நினைக்கிற நேரத்துல கை அடிக்க மாட்டேங்குது. அதுங்கூட எனக்குத் தெரிய மாட்டேங்குது பாரு, அதான் பயம். சரியாத்தான் அடிச்சேன்னு தோணுது. பார்த்தா தப்பு. அன்னிக்குக் கம்பிக்கட்டும் அப்படித்தான் போயிருக்கு. கீழ ஆளுங்க நிக்கிறாங்கண்ணே."

"அது வெறும் விளையாட்டு சித்தப்பா" என்றாள் மகள்.

"விளையாட்டுதான். உனக்கு எண்பத்தெட்டு வருது, எனக்கு ஐம்பத்தஞ்சு. ஒரே டிவி, ஒரே பாட்டு." பிறகு சொன்னார், மூளை டாக்டரைப் பார்க்கச் சீட்டு வாங்கியிருக்கிறாராம். ஸ்கேன் எடுக்கணுமாம்.

நான் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். தின்றதெல்லாம் வெளியே வந்தது. குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியில் வந்தபோது, "அண்ணிக்கு என்ன ஆச்சு, ஒத்துக்கலையா?" என்று அவர்தான் கேட்டார்.

இருபது வருஷம். அந்த உயரத்தில் தனியாக. ஏன்டி, உனக்கு என்ன வேணும்? அமைதிதானே? இந்தா, வெச்சுக்கோ.

மார்ச் 28, வெள்ளி

காலையில் முதல் காரியமாக எண்ணை நாற்பதுக்குக் கொண்டுவந்தேன். இப்போது சரியாகிவிட்டது, அவர் ஒரு பாட்டு அடித்தால் போதும், தானாகவே தெரிந்துகொள்வார், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இப்படித்தான் என் புத்தி போனது. எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது.

"தம்பி, ஒரு தடவை அடிச்சுப் பாருங்களேன்."

"வேண்டாம் அண்ணி."

"இன்னைக்கு ஒருவேளை..."

"விட்டுட்டேன் அண்ணி. உங்களுக்கும் இத்தனை நாள் தலைவலி. நீங்க வாயத் திறந்து சொன்னதில்ல, எனக்குத் தெரியும்." டிரம்மைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒயரை அழகாகச் சுருட்டி ரப்பர் போட்டார்.

மகளை ஏவிவிட்டேன். இவரை ஏவிவிட்டேன். யார் சொல்லியும் அந்த முக்காலியில் உட்கார மாட்டேன் என்கிறார். இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

மார்ச் 29, சனி

சொல்லிவிட்டேன். இவரும் மகளும் கடைக்குப் போன சமயம் பார்த்து, நின்றபடியே, ஒரே மூச்சில். உங்கள் கைக்கு ஒன்றுமில்லை, நான்தான் எண்ணை மாற்றினேன், சத்தம் பொறுக்கவில்லை, பதினெட்டாம் தேதி, தொண்ணூறு மில்லிசெகண்டு.

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிக்கிறார்!

"அண்ணி, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. விட்டுருங்க."

"பொய் இல்ல தம்பி. சத்தியமா."

"நீங்க அந்தக் கிட்டாரைக் கையால தொட்டுப் பார்த்திருக்கீங்களா? மனுஷங்க தொடுற பொருளான்னு கேட்டவங்க நீங்க. நீங்க போய் செட்டிங்ஸ்ல நுழைஞ்சு, டிரம்முக்கு மட்டும் மாத்தி... பாப்பா சொல்லிக் குடுத்தாளா இதெல்லாம்? அவதான் சொல்லச் சொன்னாளா?"

வாங்க காட்டுகிறேன் என்று டிவியைப் போட்டேன். நாற்பது. நான்தான் நேற்றே மாற்றிவிட்டேனே. என் கையாலேயே அழித்த ஆதாரம். நாற்பது, நாற்பது என்று அது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகப் பழியத் தலையில போட்டுக்கிறீங்க பாருங்க. எங்க அம்மா இருந்திருந்தாகூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டாங்க" என்றார். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த நகத்துண்டைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படி இல்லை. என் கையை எங்கேயாவது கழற்றிப் போட்டுவிடலாம் போல இருந்தது. வேண்டாம், என்னைத் திட்டுங்க தம்பி, திட்டுங்க என்றேன். அதற்கும் அழுகிறார்.

ஒருகணம், ஒரே ஒரு கணம், இப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றியது. சொல்லியாயிற்று, அவர் நம்பவில்லை, நான் என்ன செய்ய. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

மூன்று பேரையும் ஹாலில் உட்கார வைத்தேன். அட்டைப்பெட்டியை நானே பிரித்து டிரம்மை நானே பொருத்தினேன். மகளை முக்காலியில் உட்காரச் சொன்னேன். "எனக்கு டிரம் அவ்வளவா வராதும்மா." "அடி."

முதல் தடவை 79.

பிறகு கிட்டாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கட்டையை மூன்று தடவை கீழே, பச்சை, இரண்டு தடவை கீழே, பச்சை, டிரம், பச்சை. எங்கேயும் தடுமாறவில்லை. தடுமாறியிருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். நாற்பது, ஐம்பது, அறுபது என்று எண் ஏறுகிறது. நூற்றுமுப்பதில் நிறுத்தினேன்.

"இப்ப அடி. அதே பாட்டு."

மகள் அடித்தாள். பாதியிலேயே கூட்டம் "ஊ" என்றது. 48. அவள் குச்சியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

இவர், "என்னம்மா இது" என்றார். மைக் அவர் மடியில் கிடந்தது.

கொழுந்தன் எழுந்து காலண்டர் பக்கம் போனார். விரலை வைத்துப் பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது என்று பார்த்தார். தொண்ணூற்று நாலு, அடுத்த நாளிலிருந்து அறுபது. பிறகு வந்து நாற்பதுக்கு மாற்றச் சொன்னார், என்னிடம் இல்லை, மகளிடம். உட்கார்ந்து தனியாக ஒரு பாட்டு முழுக்க அடித்தார். 95. குச்சி இரண்டையும் டிரம் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நான் கேட்டேனே அண்ணி" என்றார். "நிறுத்தவான்னு கேட்டேனே."

குரலை உயர்த்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். நான் பரிமாறினேன். சாப்பிட்டார்.

மார்ச் 31, திங்கள்

அண்ணனும் தம்பியும் காலையிலேயே கம்பெனிக்குப் போனார்கள். கடிதத்தைத் திரும்ப வாங்கியாகிவிட்டது. சோதனை ஏப்ரல் எட்டாம் தேதிக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். என்ன காரணம் சொன்னீர்கள் என்று இவரைக் கேட்டேன். "விளையாட்டுச் சாமான் ரிப்பேர்னு சொன்னான்" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

மகள் பேசுவதில்லை. கேட்டால் பதில் வருகிறது, அவ்வளவுதான்.

இவர் இன்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இது சரியான மணிதானா, இல்ல இதையும் தள்ளி வெச்சிருக்கியா?" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவருக்கே முகம் சுருங்கிவிட்டது. நான் சிரிக்க முயன்றேன்.

ஏப்ரல் 5, சனி

அவர் மறுபடி பழகுகிறார். துண்டு போட்டுத்தான் அடிக்கிறார். ஒவ்வொரு நாளும் கதவைத் தட்டி, "இப்ப அடிக்கலாமா அண்ணி?" என்கிறார். அடிங்க தம்பி என்கிறேன். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். தொப் தொப் என்று கேட்கிறது. சத்தம் இப்போதும் சகிக்கவில்லை. அது மாறிவிட்டதென்று பொய் எழுத மாட்டேன். ஆனால் அது நின்றால் உட்கார முடியவில்லை. எழுந்து எட்டிப் பார்க்கிறேன், தண்ணீர் குடிக்கத்தான் நிறுத்தியிருப்பார்.

ஏப்ரல் 9, புதன்

தேறிவிட்டார். நேற்றே தெரிந்திருக்கிறது. இவரிடம் சொன்னார், மகளிடம் சொன்னார். எனக்கு இவர் வழியாக இன்று வந்தது.

நல்ல சேதி தம்பி என்றேன். "ஆமாங்க அண்ணி" என்றார். முன்பு "ஆமாண்ணி" என்பார்.

ஏப்ரல் 12, சனி

கம்பெனி அறை காலியாக இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். அதுவரை இங்கிருந்தே போய்வரச் சொல்லி இவர் கட்டாயப்படுத்தினார். நானும் சொன்னேன். "சரிங்க" என்றார். மைக், கிட்டார், டிரம் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. யாரும் எடுப்பதில்லை.

ஏப்ரல் 16, புதன்

இன்று அவர் மறுபடி கிரேன் ஏறுகிறார். ஆறு மணிக்கே குளித்துச் சட்டை போட்டு நின்றார். ரொட்டி கட்டிக் கொடுத்தேன், வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி அண்ணி என்றார். நன்றியெல்லாம் இந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

நான் சமையலறை ஜன்னலில் இருந்தேன். வெளியே பொடிப்பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது.

"தம்பி, வெளிய தூறுது. குடை எடுத்துக்குங்க" என்றேன்.

"சரிங்க அண்ணி" என்றார்.

ஹால் ஜன்னல் பக்கம் போனார். கதவைத் தள்ளித் திறந்து கையை வெளியே நீட்டினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு உள்ளே எடுத்து உள்ளங்கையைப் பார்த்தார். நனைந்திருந்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, குடையை எடுத்துக்கொண்டார்.

"வர்றேன் அண்ணி."

"போய்ட்டு வாங்க தம்பி" என்றேன்.